ராணி ஜான்சி படையில் நம் தோட்டத்துப் பெண்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் அடையாள அட்டைப் பிரச்சினைக்காக என்னிடம் வந்தது. பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் கிடையாது. பழைய பிஸ்கட் டின்னில் இருந்த காகிதங்களை என் மேசையில் கொட்டினார்கள். நடுவே மங்கிப்போன ஒரு படம்: தொப்பி, கால்சட்டை, தோளில் துப்பாக்கியுடன் ஓர் இளம்பெண். "பாட்டி ஏதோ நாடகத்துல நடிச்சிருக்கு சார்" என்றார் பேரன். நாடகம் இல்லை தம்பி, அது ராணி ஜான்சி படை!

1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி, இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென ஒரு காலாட்படைப் பிரிவை அறிவித்தார். டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். அக்டோபர் 22-ஆம் தேதி வாட்டர்லூ ஸ்திரீட்டில் பயிற்சி முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், அதிலும் பலர் பால்மரக் காட்டுப் பிள்ளைகள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள். அணிவகுப்புக் கட்டளைகளோ இந்துஸ்தானியில்!

ஏன் போனார்கள்? தேசபக்தி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்த நாட்களில் தோட்டத்தில் அரிசி இல்லை. ஆண்களை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போன பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. லயத்து வீட்டில் கிராணிக்கும் கங்காணிக்கும் பயந்து வாழ்ந்த பெண்ணுக்கு முகாமில் சீருடை, சாப்பாடு, மரியாதை. இதைச் சொன்னால் தியாகம் குறைந்துவிடாது. அதே ஜப்பானியர் இங்கே சீனர்களைக் கொன்று குவித்ததையும் மறைக்க வேண்டியதில்லை.

1944-இல் படையின் ஒரு பகுதி பர்மா சென்றது. போர்முனைக்குப் போகத் துடித்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. மேமியோவில் காயம்பட்ட வீரர்களைப் பராமரித்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, குண்டுவீச்சுக்குத் தப்பி இரவுகளில் நடந்தார்கள். நேதாஜியும் அவர்களோடு நடந்தார். பின்வாங்கிய வழியில் ரயிலில் நடந்த தாக்குதலில் உயிர்விட்டவர்களும் உண்டு.

கேப்டன் லட்சுமியை உலகம் அறியும். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000-இல் இந்தியா பத்மஸ்ரீ வழங்கியது. ராசம்மா பூபாலன் ஆசிரியர் சங்கம் கட்டினார். மூவரும் படித்த வீட்டுப் பெண்கள், போற்ற வேண்டியவர்கள்தான். ஆனால் கைநாட்டு வைத்துச் சேர்ந்த முனியம்மாக்களும் அஞ்சலைகளும் எங்கே? போர் முடிந்ததும் திரும்பி வந்து மறுபடி அதே மரத்தைச் சீவினார்கள். பிரிட்டிஷ்காரனுக்குப் பயந்து சீருடையைப் புதைத்தவர்கள், படத்தை எரித்தவர்கள் கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் எழுப்பிய நினைவுச் சின்னத்தையே 1945-இல் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஏழைப் பெண்ணின் வீட்டில் எது மிஞ்சும்?

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய டின் இருக்கலாம். படம், கடிதம், பட்டன் எதுவானாலும் வீசிவிடாதீர்கள். பாட்டி இல்லாவிட்டாலும் அவர் சொல்லக் கேட்ட அம்மாவோ மாமாவோ இருப்பார்கள். பெயர், தோட்டம், சேர்ந்த ஆண்டு, உடன் போனவர்கள் என்று கேட்டு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். அந்தப் பேரன் பெரியம்மாவிடம் கேட்டு இரண்டு பக்கம் எழுதி வந்தார். அதில் உடன் போன நான்கு பெண்களின் பெயர்கள் இருந்தன.