ஆட்டம் யாருடையது?

விளையாட்டைப் பற்றி அரசியல் ஏட்டில் என்ன எழுத்து என்று புருவம் நெரிப்போர் இருக்கலாம். அதிலும் வீடியோ விளையாட்டு! சிறுவர் பொழுதுபோக்கு! அப்படி எண்ணும் தோழர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். உழைப்பவன் ஒருவன், உடைமை கொண்டாடுபவன் வேறொருவன் என்ற பழைய வழக்குத்தான் இங்கே புதிய உடை உடுத்தி நிற்கிறது.

ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’ என்ற சண்டை விளையாட்டை வெளியிட்டது. எதிரியை மேடைக்கு வெளியே வீசியெறிந்தால் வெற்றி. வீட்டுக் கூடத்தில் நால்வர் சிரித்து ஆடத் தக்க ஆட்டம். அதைப் பெரும் போட்டிக் கலையாக்கியவர் எவர்? நிறுவனமா? இல்லை. ஆடிய இளைஞர்கள்! ஆட்டத்துக்குள் ஒளிந்துகிடந்த விரைவையும் நுணுக்கத்தையும் ஆண்டுக்கணக்கில் விரல் தேய ஆடிக் கண்டெடுத்தவர்கள் அவர்கள். மிச்சிகனில் ‘தி பிக் ஹவுஸ்’, கலிபோர்னியாவில் ‘ஜெனிசிஸ்’ என்று பெரும் போட்டிகளை எழுப்பியவர்களும் அவர்களே. புதிய தட்டைத் திரைகளில் விரலசைவுக்கும் காட்சிக்கும் இடையே நொடியின் சிறு கூறு தாமதம் நேரும். ஆகவே, ஊரார் குப்பையில் எறிந்த பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தேடிச் சுமந்து வந்து அரங்குகளில் அடுக்கினார்கள். அந்தச் சுமைக்கு எந்த முதலாளி கூலி கொடுத்தான்?

2013-இல் லாஸ் வேகாஸ் நகரின் ‘ஈவோ’ பெரும்போட்டியில் ஓர் இடம் எஞ்சியிருந்தது. மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு எந்த ஆட்டத்தின் அன்பர்கள் மிகுதியாக நிதி திரட்டுகிறார்களோ, அந்த ஆட்டத்துக்கே அவ்விடம் என்றார்கள். மெலீ அன்பர்கள் 94,000 டாலருக்கு மேல் திரட்டி வென்றனர். பிறகு நடந்தது என்ன? போட்டியை ஒளிபரப்பக் கூடாது என்று தடை போட்டது நிறுவனம்! எழுந்த கண்டனத்தில் சில மணி நேரத்துக்குள் தடை பின்வாங்கப்பட்டது என்பது வேறு செய்தி.

2020-இல் கொள்ளைநோய் உலகை வீட்டுக்குள் பூட்டியது. மெலீயில் இணையவழி ஆடும் வசதி கிடையாது. அன்பர்களே ‘ஸ்லிப்பி’ என்ற மென்பொருளை ஆக்கி அக்குறையைத் தீர்த்தார்கள். அதைக்கொண்டு ‘தி பிக் ஹவுஸ்’ போட்டியை நடத்த முனைந்தபோது, திருத்திய படியில் ஆடுவது உரிமை மீறல் என்று நிறுவனத்தின் கடிதம் வந்தது; போட்டி நின்றது. 2022 இறுதியில் ‘ஸ்மாஷ் வேர்ல்டு டூர்’ அமைப்பாளர்களும் கடையைக் கட்டினார்கள். நடத்த இயலாது என்று நிறுவனம் கூறியதாக அவர்கள் அறிவித்தனர். அவ்வாண்டுப் போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை என்றது நிறுவனம்.

அடுத்த ஆண்டு வந்தது விதித் தொகுப்பு. உரிமம் பெறாத போட்டியில் நேரில் 200 பேர், இணையத்தில் 300 பேர், அதற்குமேல் ஆடலாகாது. பரிசு 5,000 டாலரைத் தாண்டலாகாது. வெளியார் விளம்பர உதவி பெறலாகாது. அரங்கில் சிற்றுண்டிகூட விற்கலாகாது! போண்டா விற்றால் பதிப்புரிமை பறிபோகுமோ?

படைத்தவனுக்கு உரிமை இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. நகலெடுத்து விற்பவனைத் தடுக்கட்டும். அதை எவரும் மறுக்கவில்லை. 2020 கோடையில் இந்த ஆட்டக்காரர் வட்டாரத்திலேயே பாலியல் முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன; நிறுவனம் கண்டித்தது, கண்டித்தது சரியே. ஒழுங்குக்கு விதி வேண்டும். ஆனால் 200 என்ற எண் எந்த ஒழுக்கத்தைக் காக்கிறது? சதுரங்கத்துக்கு உடைமையாளன் உண்டா? சடுகுடுக் கோடு கிழிக்க எவனிடம் கைகட்டி நிற்கிறோம்? வீடியோ விளையாட்டில் மட்டும், காசு கொடுத்து வாங்கியவன் ஊர் கூட்டி ஆட முனைந்தால் உரிமச் சீட்டு கேட்கிறார்கள்.

நகலெடுப்பதற்கு ஒரு சட்டமும், கூடி ஆடுவதற்கு வேறொரு சட்டமும் வேண்டும் என்று கேட்கிறோம். இந்த வேறுபாட்டை எழுதித் தர வேண்டியவை மக்கள் மன்றங்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர் அறை அல்ல. அதுவரை, 201-ஆவது ஆட்டக்காரன் வாயிலில் வந்து நின்றால் அமைப்பாளன் செய்யக்கூடியவை இரண்டே: அவனைத் திருப்பி அனுப்புவது, அல்லது உரிமம் கேட்டு விண்ணப்பம் எழுதுவது.