கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு ஏன் இந்த விக்கல்?

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்ட இளைஞர்கள் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நிறைய உண்டு. புது விளையாட்டைப் போட்டதும் திரை நின்று நின்று நகர்கிறது. "கார்டு பழசப்பா, பெரிதாக ஒன்று வாங்கு" என்கிறார்கள் நண்பர்கள். பல ஆயிரம் ரூபாய்க்குப் புதுக் கிராபிக்ஸ் கார்டு வருகிறது. விக்கலும் கூடவே வருகிறது!

நோய் எங்கேயோ, மருந்து எங்கேயோ. திரையில் தெரியும் தண்ணீர், நெருப்பு, நிழல் இவற்றைத் தீட்டுவதற்கு 'ஷேடர்' என்னும் சிறு புரோகிராம்கள் இருக்கின்றன. அவற்றை அந்தந்தக் கார்டுக்குப் புரியும் மொழியில் பெயர்த்தாக வேண்டும். பெயர்ப்பது கார்டு அல்ல, பிராசஸர். நொடிக்கு 60 படம் ஓட வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. எதிரி முன்னால் வந்து குதித்த பிறகு பெயர்க்க ஆரம்பித்தால் திரை நிற்காமல் என்ன செய்யும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லாரி வாசலுக்கு வந்த பிறகு டை வெட்ட உட்காரும் பட்டறைக்காரரை யாராவது பார்த்ததுண்டா? கோடிகளைக் கொட்டி விளையாட்டுத் தயாரிக்கும் கம்பெனிகள் அதைத்தான் செய்கின்றன. 2022 டிசம்பரில் வெளியான 'தி கலிஸ்டோ புரோட்டோகால்' இப்படி விக்கி, அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' மறுகோடிக்குப் போய், ஆட்டம் தொடங்குமுன்பே நெடுநேரம் காக்க வைத்தது. ஸ்டீம் கடையில் பணம் திரும்பக் கேட்க, ஆடிய நேரம் 2 மணிக்குள் இருக்க வேண்டும். காத்துக் கிடந்ததும் அந்தக் கணக்கில் சேர்த்தி! நல்ல வேடிக்கை.

கார்டுகள் பல வகை, எதற்கென்று முன்கூட்டிப் பெயர்ப்பது என்பது கம்பெனிகளின் வாதம். ஓரளவு நியாயந்தான். ஆனால் 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவிக்குப் பெயர்த்த ஷேடர்களே வந்து இறங்குகின்றன. 2025 அக்டோபரில், ஆர்.ஓ.ஜி. எக்ஸ்பாக்ஸ் ஆலை என்ற கருவியுடன் மைக்ரோசாப்டும் இந்த வழிக்கு வந்தது. மேசைக் கம்ப்யூட்டர்காரர் மட்டும் என்ன பாவம் செய்தார்?

அதுவரை, 'ஷேடர் தயாராகிறது' என்று திரையில் வந்தால் குறுக்கிடாமல் முடிய விட வேண்டும். துப்புரவு மென்பொருள்களைக் கொண்டு ஷேடர் கேஷை அழிக்கக் கூடாது. டிரைவரைப் புதுப்பித்தால் பெரும்பாலும் பெயர்ப்பு வேலை மறுபடி முதலிலிருந்துதான். விளையாட்டு திறக்கவே தாமதமென்றால் ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போடலாம், விக்கலுக்கு அது மருந்தல்ல. கார்டுக்கென்று எடுத்து வைத்த பணம், கம்பெனியின் திருத்தம் வரும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும்.