விழப் பழகுவதற்கு வயதில்லை

எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் கரணம் போடுவதை எந்த வயதில் நிறுத்துகிறார்கள்? இதற்கென்று யாரும் சட்டம் போட்டதில்லை. ஆறு வயதில் வாசல் மணலில் உருண்டால் வீடே சிரிக்கிறது. ஒன்பது வயதில் உருண்டால், "சட்டை ஊத்தையாகுது, எழும்பு பிள்ளை" என்று குரல் வருகிறது. பன்னிரண்டு வயதில் குரல்கூட வருவதில்லை. ஒரு பார்வை போதும். அதற்குப் பிறகு அந்த உடம்பு நடக்கும், குனியும், சுமக்கும், தொழும், உறங்கும். தலைகீழாவது மட்டும் இல்லை.

பாடசாலையும் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. தரம் 9 வரை சுகாதாரமும் உடற்கல்வியும் எல்லோருக்கும் கட்டாயப் பாடம். தரம் 10 இல் அது விருப்பப் பாடமாகிறது. உயர்தரத்துக்கு வந்துவிட்டால் புத்தகப் பையைத் தூக்குவதுதான் எங்களில் பலருக்குக் கிடைக்கும் ஒரே பயிற்சி. மெய்வல்லுநர் போட்டி வரும்போது ஓடத் தெரிந்த இருபது பேர் ஓடுகிறார்கள். மற்றவர்கள் இல்லத்தின் கொடியை அசைக்கிறோம்.

என் கருத்து இதுதான்: உருளவும் புரளவும் கைகளில் நிற்கவும் பாதுகாப்பாக விழவும் வளர்ந்த பெண்கள் முதலிலிருந்து கற்றுக்கொள்ளலாம்; கற்றுக்கொள்ளவும் வேண்டும். "வளர்ந்த பெண்கள்" என்று நான் சொல்வது என் வயது மாணவிகளை மட்டுமல்ல. இந்த இதழை வீட்டில் எடுத்து வாசிக்கும் உம்மாமாரையும் சாச்சிமாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதை நான் ஏட்டறிவாக எழுதவில்லை. மட்டக்களப்பு – கல்முனை வீதியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிறது செட்டிபாளையம். அங்கே என் உம்மாவின் பழைய சிநேகிதி ஒருவர் இருக்கிறார். உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், தமிழ் டீச்சர். சாதாரண தரப் பரீட்சை முடிந்து நான் வீட்டில் இருந்த நாட்களில், "சும்மா இருக்கிற பிள்ளையை சனிக்கிழமைகளில் அனுப்பு" என்றார். தனியாக அனுப்ப உம்மாவுக்கு மனமில்லை. அதனால் என் சாச்சி துணைக்கு வந்தார். அவருக்கு வயது முப்பத்து நான்கு. இரண்டு பிள்ளைகளின் தாய். முதல் இரண்டு கிழமைகள் வேலியோரம் கதிரையில் இருந்து பார்த்தார். மூன்றாவது கிழமை, "நானும் ஒருக்கா உருண்டு பார்க்கட்டா?" என்று கேட்டார்.

டீச்சரின் வளவில் உடற்பயிற்சி மண்டபம் கிடையாது. சுற்றிவரக் கிடுகு வேலி, உள்ளே கடற்கரை மணல், அதன்மேல் இரண்டு பழைய மெத்தைகளும் பன்பாய்களும். மணலைச் சரிவாகக் குவித்து, அதன்மேல் பாய் விரித்துத்தான் பின்பக்கமாக உருளச் சொல்லித் தந்தார். சரிவில் உருளும்போது உடம்பின் எடை உதவிசெய்கிறது. கழுத்தில் பாரம் குறைகிறது. பெரிய நகரங்களில் இதற்கென்று ஆப்பு வடிவ மெத்தை வைத்திருப்பார்களாம். எங்களுக்கு மணல் போதுமாக இருந்தது.

வளர்ந்தவருக்கு இது கஷ்டம் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. அதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. ஓர் உடம்பு அதே வடிவத்தில் இரண்டு மடங்கு உயரமானால், தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். தசையின் பலம் குறுக்குவெட்டைப் பொறுத்தது. ஆகவே சின்னப்பிள்ளை தன் எடையைக் கைகளில் தாங்குவது லேசு, நாம் தாங்குவது பாரம். பிள்ளைக்குப் பயமும் குறைவு, விழும் தூரமும் குறைவு. இன்னொன்று தலைசுற்று. சமநிலையை உணரும் உறுப்பு உட்காதில் இருக்கிறது. பல வருடங்கள் தலைகீழாகாத ஒருவர் முதன்முதலில் உருண்டால் அது தடுமாறும். சாச்சி முதல் நாள் இரண்டு முறை உருண்டுவிட்டு அரை மணித்தியாலம் தென்னையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கிழமையில் அந்தத் தலைசுற்று வெகுவாகக் குறைந்துவிட்டது. சுழற்சியைத் திரும்பத் திரும்பப் பழக்கினால் உட்காதும் மூளையும் பழகிக்கொள்கின்றன.

ஆனால் வளர்ந்தவரிடம் பிள்ளைகளிடம் இல்லாத ஒரு சொத்து உண்டு: விளங்கிச் செய்யும் அறிவு. "நாடியை நெஞ்சோடு ஒட்டு, முதுகை வளை, உச்சந்தலை நிலத்தில் படாமல் கைகளில் பாரத்தைக் கொடுத்துத் தோளின் பின்பக்கத்தால் உருளு" என்று பிள்ளையிடம் பத்துத்தரம் சொல்ல வேண்டும். பெரியவருக்கு, கழுத்து ஏன் பாரம் தாங்கக்கூடாது என்று ஒருதரம் விளக்கினால் போதும். கால்களை மடக்கிச் சுருண்டால் ஏன் வேகமாகச் சுழல்கிறோம் என்பதும் எங்கள் பௌதிகவியல் பாடம்தான். கோண உந்தம் மாறாதிருக்க, சடத்துவத் திருப்பம் குறைந்தால் கோண வேகம் கூடும். இந்த வசனத்தை நான் மனப்பாடம் செய்திருந்தேன். பன்பாயில் உருண்ட பிறகுதான் அது எனக்கு விளங்கியது. மாக்குழைத்தும் தேங்காய் துருவியும் பழகிய சாச்சியின் மணிக்கட்டுகள் என்னுடையவற்றைவிட உறுதியாக இருந்ததையும் சொல்ல வேண்டும். கைகளில் நிற்கும் பயிற்சியில் என்னை முந்தியவர் அவர்தான்.

"சரி, உருளத் தெரிந்து என்ன பயன்?" என்று கேட்பீர்கள். என் உம்மம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அதற்குமுன் பெருநாள் காலையில் பத்து வீடு ஏறி இறங்கியவர். அதற்குப்பின் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே அவருடைய உலகம் சுருங்கிவிட்டது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுவதனால் இறக்கிறார்கள். அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே அதிகம். தற்செயல் காயங்களால் வரும் மரணங்களில், வீதி விபத்துக்கு அடுத்த இடம் விழுதலுக்குத்தான். நாம் வாகனத்துக்குப் பயந்து பிள்ளைகளைக் கைபிடித்து வீதியைக் கடக்கிறோம். ஈரத் தரைக்கு யாரும் பயப்படுவதில்லை.

எழுபது வயதுத் தாயை உருளச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த வயதில் அது ஆபத்து. ஆனால் எழுபதில் தடுமாறாமல் நிற்கும் காலை நாற்பதிலேயே பழக்கத் தொடங்கலாம். வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடற்செயற்பாட்டில் ஈடுபட வேண்டும், இரண்டு நாட்களாவது தசைகளைப் பலப்படுத்த வேண்டும் என்று அதே நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. வயதானவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியையும் வலியுறுத்துகிறது. உருளப் பழகும் ஒரு மணித்தியாலத்தில் பலம், சமநிலை, மூட்டுகளின் வளைவு எல்லாமே கலந்து கிடைக்கின்றன. அதற்கு மேலாக, விழும்போது என்ன செய்வது என்று உடம்புக்குத் தெரிகிறது. ஜப்பானில் 1882 இல் ஜிகோரோ கானோ தொடங்கிய ஜூடோவில், எதிராளியைத் தள்ளச் சொல்லித் தருவதற்குமுன் விழச் சொல்லித் தருகிறார்கள். கையை விறைப்பாக ஊன்றி விழுந்தால் முழு அடியும் மணிக்கட்டில் இறங்கும். சுருண்டு உருண்டால் அதே கணத்தாக்கு கூடிய நேரத்திலும் கூடிய பரப்பிலும் பரவிப்போகும். எலும்பு தப்புவது அந்தச் சிறு நேர வித்தியாசத்தில்தான்.

வயது கடந்துவிட்டது என்பவர்களுக்கு உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிடினாவைக் காட்டலாம். 1992 இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் இருந்தபோது அவருக்கு என் வயது, பதினேழு. 2021 இல் டோக்கியோவில் தன் எட்டாவது ஒலிம்பிக்கில் பாய்ந்தபோது நாற்பத்தாறு. ஒரு மகனின் தாய். எங்கள் நாட்டின் மில்கா கெஹானியும் அதே டோக்கியோவுக்குச் சென்றார். ஒலிம்பிக் சென்ற முதல் இலங்கை ஜிம்னாஸ்டிக் வீராங்கனை அவர். ஆனாலும் இவர்களை நான் முன்மாதிரியாக வைக்க விரும்பவில்லை. இவர்கள் சிறு வயதிலேயே தொடங்கியவர்கள். முப்பது வயதில் தொடங்குபவர் பதக்கத்தை நினைத்தால் மனம் உடைந்துபோவார். சாச்சிக்கு முன்பக்கக் கரணம் ஒன்றை ஒழுங்காகப் போட ஆறு கிழமை எடுத்தது. வண்டிற் சில்லுப்போல் பக்கவாட்டில் கைமாறிச் சுழல்வது எனக்கு இன்னும் நேராக வரவில்லை. இருந்தாலும் ஆறாவது கிழமை உருண்டு எழும்பி நின்றபோது சாச்சி சிரித்த சிரிப்பை, அவருடைய கலியாண வீடியோவில்கூட நான் கண்டதில்லை.

பெற்றோர்கள் அடுத்துக் கேட்பது உடையையும் இடத்தையும். நியாயமான கேள்வி. மலேசியாவின் ஃபரா ஆன் அப்துல் ஹாதி 2015 தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில் தங்கம் வென்றபோது, பதக்கத்தைவிட அவருடைய உடையைப் பற்றித்தான் பலர் பேசினார்கள். 2021 இல் ஜெர்மனிய வீராங்கனைகள் கணுக்கால்வரை மூடிய உடையில் டோக்கியோவில் போட்டியிட்டார்கள். அதற்குச் சர்வதேச விதிகளில் முன்பே இடம் இருந்தது. அவர்கள் மதத்துக்காக அதை அணியவில்லை. தங்களுக்கு எது வசதியென்று தாங்களே தீர்மானிக்க விரும்பினார்கள். நாங்கள் போட்டிக்குக்கூடப் போகவில்லை. நீளக் காற்சட்டை, உள்ளே செருகிய தளர்வான மேற்சட்டை, குண்டூசி குத்தாமல் தலையோடு ஒட்டி நிற்கும் முக்காடு, நாற்புறமும் மறைப்பு, பெண் ஆசிரியை. இவ்வளவும் இருந்தால் ஆட்சேபிக்க என்ன மிஞ்சுகிறது? நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்போட்டி வைத்த செய்தி அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. ஆயிஷா நாயகி மெலிந்திருந்தபோது ஒருமுறையும், உடல் பருத்த பின்னர் இன்னொரு முறையும் ஓடினார்கள். உடல் பருத்ததை ஒதுங்கி இருப்பதற்கான காரணமாக அவர்கள் ஆக்கவில்லை.

ஆபத்தைப் பற்றியும் கதைக்க வேண்டும். கழுத்து அல்லது முள்ளந்தண்டு நோவு உள்ளவர்கள், இரத்த அழுத்தம் கூடியவர்கள், கர்ப்பிணிகள், எலும்புத் தேய்வு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் பாயில் இறங்கக்கூடாது. வாய்விட்டுச் சொல்லாத வேறு பயங்களும் சில உம்மாமாருக்கு உண்டு. அவற்றையும் ஒரு பெண் வைத்தியரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெளிவு கிடைக்கும். கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அறைக்குள் தனியாகக் கரணம் போடுவது முட்டாள்தனம். அந்தரத்தில் சுழல்வதைப் பயிற்றுவிப்பாளர் இல்லாமல் நினைக்கவே கூடாது. முதலில் மணிக்கட்டு, தோள், கழுத்துக்கான பயிற்சி. பிறகு முதுகில் தொட்டில்போல் ஆடுவது. பிறகு முன்பக்கம் உருளுவது. அதன்பின் சரிவில் பின்பக்கம். அதன்பின் சுவரில் கால் சாய்த்துக் கைகளில் நிற்பது. தசை சீக்கிரம் பலப்படும். தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும். அவசரப்படுபவருக்குக் காயம் வருவது இதனால்தான். ஒரு படி சரியாக வராமல் அடுத்த படிக்கு டீச்சர் எங்களை விட்டதே இல்லை.

உயர்தர மாணவிக்கு நேரமேது என்பது கடைசிக் கேள்வி. பின்னேர வகுப்புக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் எங்களுக்கு நேரத்தின் அருமை தெரியும். சனிக்கிழமை உருண்டுவிட்டு வரும் இரவில் நான் கூடுதலாகப் படிக்கிறேன் என்று பெருமையடிக்க மாட்டேன். நன்றாக உறங்குகிறேன் என்று மட்டும் சொல்வேன். பரீட்சைப் பயத்தில் உறக்கம் வராத தோழிகளுக்கு அதன் பெறுமதி தெரியும்.

ஆகவே நிர்வாகத்தினருக்கும் பழைய மாணவிகள் சங்கத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். பிரதான மண்டபம் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பூட்டித்தான் கிடக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு அதைத் திறந்து தாருங்கள். விளையாட்டு அறை மெத்தைகளை எடுத்து விரிப்போம். தகுதியான ஒரு பெண் பயிற்றுவிப்பாளரைத் தேடுவோம். முதல் வரிசையில் உயர்தர மாணவிகள், இரண்டாம் வரிசையில் உம்மாமார். பார்வையாளர் வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், போட்டி வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்.

அன்பான உம்மாமாரே, நாங்கள் நடக்கப் பழகியபோது எத்தனை தரம் விழுந்தோம் என்று எண்ணியவர்கள் நீங்கள். ஒவ்வொரு தரமும் "ஒன்றுமில்லை, எழும்பு" என்று சொன்னவர்களும் நீங்கள்தான். இப்போது நீங்கள் பாயில் இறங்குங்கள். அந்த வார்த்தையை நாங்கள் உங்களுக்குச் சொல்கிறோம்.