பொட்டு சைஸில் தெரியணும்!

ஆப்பிள் கம்பெனியின் முதல் லோகோவைப் பார்த்திருக்கிறீர்களா? 1976-ல் வரைந்தது. ஆப்பிள் மரத்தடியில் நியூட்டன் உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே பழம். ரிப்பனில் கம்பெனி பெயர். போதாக்குறைக்கு ஓரத்தில் ஒரு கவிதை வரி! கைவண்ணம், பங்குதாரர்களில் ஒருவரான ரொனால்ட் வேய்ன். கல்யாணப் பத்திரிகைக்கு ரொம்பப் பொருத்தம். கம்ப்யூட்டர் மூலையில் ஒட்டினால் நியூட்டனைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும்.

அடுத்த வருஷமே ராப் ஜேனாஃப் என்ற டிசைனர் வந்தார். மரம், மனுஷர், கவிதை எல்லாம் அவுட். கடித்த பழம் ஒன்றுதான் மிச்சம். ஏன் கடி? ஆதாம் ஏவாள் விவகாரமெல்லாம் இல்லை. கடிக்காவிட்டால் சின்ன சைஸில் செர்ரிப்பழம் மாதிரி தெரியும், அவ்வளவுதான்!

நம் ஆட்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 'எல்லாம் இருக்கணும் சார்' என்பார்கள். என் நண்பர் ஒருவர், பத்து வருஷம் குமாஸ்தா வேலை பார்த்துச் சேர்த்த பணத்தைப் போட்டு மசாலாப் பொடி வியாபாரம் ஆரம்பித்தார். லோகோவில் ஒரு பாட்டி, அம்மி, மிளகாய், உதிக்கும் சூரியன், சுற்றிலும் 'சுவையின் சிகரம்'. பத்தடி போர்டில் பிரமாதம்! பாட்டியின் மூக்குத்திகூட மின்னியது. அதையே பாக்கெட்டில் அச்சடித்ததும் பாட்டி கரும்புள்ளியாகிவிட்டாள். மளிகைக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "என்ன சார் இது, கரப்பான்பூச்சி மருந்தா?" முதல் லோடு அப்படியே திரும்பி வந்தது.

கோளாறு எங்கே? கணக்கில். பத்தடி படத்தை அரை அங்குலமாக்கினால் 240 மடங்கு சுருங்குகிறது. போர்டில் ஒரு அங்குலம் தடியாக இருந்த கோடு, 0.1 மில்லிமீட்டராகிவிடும். கிட்டத்தட்ட தலைமுடி கனம்! பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே மை பரவினால் பாட்டியாவது, அம்மியாவது! நண்பர் இப்போது ஒற்றை மிளகாயோடு நிறுத்திக்கொண்டார். சரக்கு நகர்கிறது.

விஷயம் தெரிந்தவர்கள் நம் நாட்டிலும் உண்டு. ஸ்டேட் பாங்க் சின்னத்தை 1971-ல் வரைந்த சேகர் காமத், ஒரு நீல வட்டம், நடுவே சாவித் துவாரம் மாதிரி ஒரு வெட்டு, அத்தோடு எழுந்துவிட்டார். மொட்டைமாடி போர்டிலும் அதுதான், பாஸ்புக்கிலும் அதுதான். தேர்தல் சின்னங்களைப் பாருங்கள். சைக்கிளோ யானையோ, சுவரில் ஆளுயரம், ஓட்டு மெஷினில் கட்டைவிரல் அளவு. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் குழப்பமில்லை.

கூகுள்கூட 2015-ல் எழுத்துக்களின் வால், கொம்புகளைச் சீவிவிட்டது. ஃபோன் திரையின் குட்டி இடத்துக்கு முழுப் பெயர் கிடையாது. முதல் எழுத்து 'ஜி' மட்டும்தான். பெரிசுக்கு ஒன்று, சின்னதுக்கு அதன் சுருக்கம் ஒன்று என்று வைத்துக்கொள்வதில் தப்பேயில்லை.

காசு கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பரீட்சை வையுங்கள். ஒன்று, லோகோவைக் கறுப்பு வெள்ளையில் பொட்டு சைஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். இரண்டு, ஃபோனில் யாருக்காவது வாயால் விவரியுங்கள். 'கடிச்ச ஆப்பிள்' என்கிற மாதிரி இரண்டு வார்த்தையில் முடிந்தால் பாஸ்.

மூச்சு வாங்கினால் அது லோகோ இல்லை சார், கதாகாலட்சேபம்!