எப்போது உடையும், எப்போது உடையாது

குவாண்டம் அஃபைன் இயற்கணிதம் என்றதும் அது அணுத்துகள்களைப் பற்றிய பாடம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதற்கு வித்திட்டது இயற்பியல்தான். ஆனால் விளைந்தது கணிதம். 1985 வாக்கில் துரின்ஃபெல்டும் ஜிம்போவும் தனித்தனியே இதற்கு அடித்தளம் இட்டார்கள். ஓர் இயற்கணிதத்தின் உறுப்புகளை, அவற்றின் விதிகள் கெடாமல் அணிகளாக எழுதுவதுதான் உருவகிப்பு. அப்படி எத்தனை விதமாக எழுதலாம் என்பதே கேள்வி.

எளிய உதாரணம் எஸ்எல்2, அதாவது மூலைவிட்டக் கூட்டுத்தொகை பூச்சியமான 2×2 அணிகளின் இயற்கணிதம். சாதாரண எஸ்எல்2-வுக்கு மேலும் உடைக்க முடியாத இருபரிமாண உருவகிப்பு ஒன்றுதான். அதை அதனோடே டென்சர் பெருக்கல் செய்தால் கிடைக்கும் நான்கு பரிமாணம் எப்போதும் மூன்று, ஒன்று எனப் பிரியும். குவாண்டம் அஃபைன் உலகில் இந்த 'எப்போதும்' காணாமல் போகிறது. அங்கே ஒவ்வொரு இருபரிமாண உருவகிப்பும் பூச்சியமல்லாத ஓர் எண்ணைச் சுமந்து நிற்கிறது. இரண்டைப் பெருக்கினால் பெரும்பாலும் உடையவே உடையாது. இந்த இயற்கணிதத்தின் வரையறையில் வரும் எண்தான் கியூ; அதன் எந்த நேர்முழு அடுக்கும் 1 ஆகாதபோது, இரு எண்களின் விகிதம் கியூவின் வர்க்கமாகவோ அதன் தலைகீழியாகவோ இருந்தால் மட்டுமே உடையும்.

ஏன்? ஓர் உருவகிப்பைக் குறியீடுகளின் கூட்டலாகச் சுருக்கி எழுதும் கியூ-கேரக்டரில் இது பளிச்சென்று தெரியும்; அதைத் தந்தவர்கள் ஃபிரெங்கெலும் ரெஷெடிகினும். எண் 'அ' உடைய உருவகிப்புக்கு அதில் இரண்டே உறுப்புகள்: 'அ' என்ற குறியீடு, 'அ'வைக் கியூ வர்க்கத்தால் பெருக்கி வரும் குறியீட்டின் தலைகீழி. இரண்டு உருவகிப்புகளைப் பெருக்கினால் நான்கு உறுப்புகள். இரண்டாவதன் எண் 'அ'வின் கியூ வர்க்க மடங்காக இருந்தால், ஒரு குறியீடும் அதன் தலைகீழியும் சந்தித்து 1 ஆகிவிடுகின்றன. அந்த 1தான் பிரியும் ஒற்றைப் பரிமாணம். அப்போதும் அது முழுதாகக் கழன்று வருவதில்லை. பெருக்கும் வரிசையைப் பொறுத்து உள்ளேயோ மேலேயோ ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு இத்துறையின் உயிர் இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

இதே உடைவை இன்னொரு வழியிலும் பார்க்கலாம். இரு உருவகிப்புகளைப் பெருக்கும் வரிசையை மாற்றித்தரும் அணியின் 16 இடங்களில் 6 மட்டுமே பூச்சியமல்லாதவை. அது யாங்–பாக்ஸ்டர் சமன்பாட்டின் தீர்வு. பனிக்கட்டியை ஆராயப் பயன்பட்ட ஆறு-முனை மாதிரியின் எடைகள்தான் அந்த ஆறு உறுப்புகள். விகிதம் கியூவின் வர்க்கத்தையோ அதன் தலைகீழியையோ தொடும்போது அந்த அணி நேர்மாறை இழக்கிறது.

முடிவுறு பரிமாணமுள்ள, உடையாத உருவகிப்புகளை வைஜயந்தி சாரியும் ஆண்ட்ரூ பிரெஸ்லியும் பல்லுறுப்புக்கோவைகளைக் கொண்டு வகைப்படுத்தினார்கள். எஸ்எல்2-வைத் தாண்டினால் பாதை கரடுமுரடு. 2010இல் எர்னாண்டஸும் லெக்லெர்க்கும் இந்த உருவகிப்புகளைக் கிளஸ்டர் இயற்கணிதம் என்ற வேறொரு கணித அமைப்போடு இணைத்தார்கள்.

படிக்க விரும்பும் மாணவர்கள் பொது வரையறையில் தொடங்கித் திணற வேண்டாம். அந்த நான்கு உறுப்புகளைத் தாளில் பெருக்கிப் பாருங்கள். பிறகு சாரியும் பிரெஸ்லியும் 1994இல் வெளியிட்ட குவாண்டம் குலங்கள் (இத்தகைய இயற்கணிதங்களின் பொதுப்பெயர்) பற்றிய நூலைத் திறவுங்கள்.