மினரல் போத்தல் வாங்க முதல் தண்ணியைப் பார்ப்போம்



பெருநாள் காசு கைக்கு வந்ததும் நம்ம புத்தளத்துப் பிள்ளைகள் இப்போது மீன் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். மீனை விட செரி இறாலுக்குத்தான் மவுசு. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று விரல் நுனி அளவில் பார்க்க அழகுதான். ஆனால் பல வீடுகளில் இரண்டு கிழமைக்குள் பாதி செத்துவிடுகிறது. கடையில் கேட்டால் "மினரல் பத்தாது" என்று ஒரு போத்தலைத் தருகிறார்கள். அதை ஊற்றியதும் மிச்சமும் போய்விடுகிறது.

மினரல் கெட்ட சாமான் அல்ல. எந்தத் தண்ணிக்கு அது தேவை என்று விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் யோசிப்பதில்லை. இதுதான் பிரச்சினை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். இறால் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது களப்போரப் பண்ணைகள். அது உவர்நீர் இறால். தொட்டியில் வளர்க்கும் செரி இறால் கிழக்காசியாவின் நன்னீர் இனம். "இறால்தானே" என்று கல்லுப்பு போடுவதை இன்றோடு நிறுத்துவோம்.

அடுத்து நம்ம தண்ணி. புத்தளத்திலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் வரை சுண்ணக்கல் நிலம் நீண்டு கிடக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது கல்சியம். இறால் ஓடு கழற்றி வளர்கிற உயிர். புது ஓடு இறுகக் கல்சியமும் மக்னீசியமும் வேண்டும். போத்தலில் இருப்பதும் பிரதானமாக இவைதான். கிணற்றிலேயே தேவைக்கு மேல் கிடக்கும்போது காசு கொடுத்து இன்னும் ஊற்றுவது எதற்கு? கடினம் மிகக் கூடினாலும், தண்ணி திடீரென்று மாறினாலும் ஓடு ஒழுங்காகக் கழறாது. தலைக்குப் பின்னால் வெள்ளை வளையம் தெரிந்து இறால் சாவது பெரும்பாலும் இதனால்தான்.

அப்படியானால் மினரல் யாருக்கு? ஆர்.ஓ. தண்ணியோ மழைத் தண்ணியோ மட்டும் பாவிப்பவர்களுக்கு. அதில் கனிமம் ஏறக்குறைய இல்லை. அங்கே மினரல் போடாவிட்டால்தான் தப்பு. அதையும் தொட்டிக்குள் நேரே கொட்டாமல் வாளியில் கரைத்து, அளந்து, பிறகு சேர்க்க வேண்டும். செரி இறாலுக்கு ஜீ.எச். 6 முதல் 8, கே.எச். 2 முதல் 4, டீ.டீ.எஸ். 200 அளவில் இருந்தால் போதும்.

டீ.டீ.எஸ். மீட்டரை மட்டும் நம்பவும் வேண்டாம். தண்ணியில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் அது சொல்லும். அது கல்சியமா கடல் உப்பா என்று சொல்லாது. துளி விட்டுப் பார்க்கும் ஜீ.எச். பரிசோதனைப் பெட்டி ஒன்று தேவை. வீட்டுக்கு ஒன்று வேண்டியதில்லை, தெருவுக்கு ஒன்று வாங்கினாலே போதும். உங்கள் கிணற்றில் ஜீ.எச். 20 என்று வந்தால், ஒரு பங்கு கிணற்றுத் தண்ணிக்கு இரண்டு பங்கு ஆர்.ஓ. கலந்தால் 7 அளவில் வந்துவிடும். மினரல் போத்தலே தேவையில்லை. கிணறு உவர்ப்பு என்றால் மட்டும் அதை விட்டுவிட்டு ஆர்.ஓ.வும் மினரலும் பாவியுங்கள்.

நம்ம வெயிலுக்கு இன்னொன்று. தொட்டித் தண்ணி ஆவியாகும்போது கனிமம் போகாது, மிச்சத் தண்ணியிலேயே தங்கிவிடும். குறைந்ததை நிரப்பக் கிணற்றுத் தண்ணி ஊற்றினால் கிழமைக்குக் கிழமை கடினம் ஏறும். நிரப்புவதற்கு வெறும் ஆர்.ஓ. மட்டும். தண்ணி மாற்றுவதென்றால் கிழமைக்கு பத்திலொரு பங்கு, அதே கலவையில். குழாய்த் தண்ணியை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரீன் போன பிறகு பாவியுங்கள். செம்பு கலந்த மீன் மருந்தைக் கிட்டவும் கொண்டு போகாதீர்கள், இறாலுக்கு அது நஞ்சு. புதுத் தொட்டியை நான்கைந்து கிழமை ஓடவிட்டு, அமோனியா இல்லை என்று பார்த்த பிறகே இறாலை விடுங்கள்.

கடைக்காரச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். "வாங்குறவங்க சொன்னாக் கேக்கிறதில்ல" என்கிறீர்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் போத்தலைக் கொடுக்க முதல் "வீட்டில என்ன தண்ணி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தேவையில்லாததைத் தேவை என்று விற்ற காசில் பறக்கத் இருக்காது என்பது நீங்கள் அறியாததல்ல.

"சின்ன இறால்தானே, செத்தால் இன்னொன்று வாங்கலாம்" என்று பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லும் பெற்றோரே, அது அவர்களுக்கு எதைப் படிப்பிக்கிறது? பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பெண்ணின் கதையை மத்ரசாவில் நாம்தானே சொல்லிக் கொடுக்கிறோம். கண்ணாடித் தொட்டிக்குள் அடைபட்ட உயிர் தனக்கான தண்ணியைத் தானே தேடிப் போக முடியாது. அது நம்மிடம் இருக்கும் அமானிதம்.

அதிபர்களும் விஞ்ஞான ஆசிரியர்களும் இதைக் கையில் எடுக்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் வீட்டுக் கிணற்றுத் தண்ணியை ஒரு போத்தலில் கொண்டு வரட்டும். வகுப்பில் ஜீ.எச். அளந்து, எந்தத் தெருவில் எவ்வளவு என்று ஒரு பட்டியல் போடுவோம். இறாலுக்கு மட்டுமல்ல, நாம் என்ன தண்ணியில் வாழ்கிறோம் என்று நமக்கும் தெரியவரும். இதற்கு விருப்பமான பாடசாலைகள் கீழே எழுதுங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து செய்வோம்.