மெஷினுக்கு முன்னால் ஆளும் வண்டியும்

அன்புள்ள உவர்மலை உறவுகளே,

ஸ்காபரோவில் நம் ஊர்க்காரர் நாலு பேர் கூடினால் பேச்சு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும். திருகோணமலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பார்கள். மனமும் இருக்கிறது, காசும் சேர்கிறது. ஆனால் எந்த மெஷினை வாங்கி அனுப்புவது என்ற இடத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

உவர்மலை என்கிற ஓர்ஸ் ஹில்லில் பிறந்து வளர்ந்த நமக்குப் பெரியாஸ்பத்திரி ஓட்டோ போகிற தூரம். ஆளுநர் செயலகம் நம் லோவர் வீதியிலேயே இருக்கிறது. ஆனால் மாவட்டம் உவர்மலையோடு முடிந்துவிடவில்லை. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை கிண்ணியாக்காரர் மிதப்புப் பாதையில் ஏறித்தான் தண்ணீரைக் கடந்தார்கள். பிரசவ வலி எடுத்த பெண்ணும் அதற்குத்தான் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் கழித்து, 2021 நவம்பர் 23 அன்று, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பிள்ளைகளை ஏற்றிப்போன மிதப்புப் பாதை கவிழ்ந்தது. தண்ணீரைக் கடக்கிற பிரச்சினை அதுவரையிலும் தீரவில்லை.

வெருகல் பக்கம் சீனி வருத்தத்தோடு இருக்கிற ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் இரத்தம் குடுக்க வேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதி விடுகிறார்கள். நகரத்துக்கு வருவதென்றால் இருட்டோடு எழும்பி, முதல் பஸ் பிடித்து, மூதூர் கடந்து, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் வந்து வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய கூலியும் போய்விடும். அடுத்த தவணைக்கு அவர் வராவிட்டால் ‘தவறிய நோயாளி’ என்று பதிவாகும். அவர் தவறவில்லை, நாம்தான் அவரிடம் போகவில்லை. எங்கள் காசில் வாங்கிய விலையுயர்ந்த மெஷின் பெரியாஸ்பத்திரியில் பளபளப்பாக நின்றாலும் அந்த அம்மாவின் பஸ் பயணம் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

ஆட்களைத் தேடிப்போய்ச் செய்த வைத்தியம் பலித்ததற்கு நம் மாவட்டமே சாட்சி. 1999இல் இலங்கையில் 264,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா கண்டது. யுத்தம் நடந்த வடக்கும் கிழக்கும்தான் அதில் கூடுதலாக வாடின. அப்படியிருந்தும் 2012 ஒக்டோபரோடு உள்ளூர்த் தொற்று நின்றது. 2016 செப்டெம்பர் 5 அன்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழைக் கொடுத்தது. இதை அரசாங்கத்தின் மலேரியா ஒழிப்பு இயக்கம் தனியாகச் செய்யவில்லை. உலக நிதியத்தின் (Global Fund) காசு வந்தது, சர்வோதயம் நுளம்பு வலைகளைக் கொண்டு போய்க் கொடுத்தது, டெதா என்ற அமைப்பு நடமாடும் கிளினிக்குகளை நடத்தியது. காய்ச்சல்காரர் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஊருக்குள் போய், விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். கண்டவுடன் மருந்து. எனக்கு இதில் பெரிதாகப் படுவது ஒன்று: இத்தனை பேர் சேர்ந்தும் கணக்கு ஒரே இடத்துக்குப் போனது. ஆளாளுக்கு ஒரு பதிவேடு வைத்திருந்தால் கடைசி நோயாளரைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அந்த மாதிரி வேலைக்கு நம் பிள்ளைகள் கொடுத்த விலையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2006 ஓகஸ்டில் மூதூரில் சுட்டுக் கொல்லப்பட்ட அக்ஷன் பாம் என்ற தொண்டு நிறுவனத்தின் 17 பணியாளர்களும் சுனாமியில் நொந்த சனத்துக்குத் தண்ணீருக்காகவும் சுகாதாரத்துக்காகவும் வேலை செய்யப் போனவர்கள். இன்னும் நீதி கிடைக்கவில்லை.

மலேரியா போய்விட்டது; இப்போது சனத்தைத் தின்பது சீனி, பிரஷர், சிறுநீரகம். முப்பத்தைந்து வயது தாண்டியவர்களை இவற்றுக்காகப் பரிசோதிக்க அரசாங்கம் 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை நடத்துகிறது. நல்ல திட்டம். ஆனால் வேலை நேரத்தில் நடக்கிற கிளினிக்குக்குக் கடற்தொழிலாளியும் கூலிக்காரரும் எப்படி வருவார்கள்? ஆண்கள் குறைவாகத்தான் வருகிறார்கள்.

அதனால் என் யோசனை இது. மெஷினுக்கென்று சேர்த்த காசை ஒரு நடமாடும் கிளினிக் வண்டிக்கும் சாரதிக்கும் எரிபொருளுக்கும் ஐந்து வருடத்துக்கு ஒதுக்குவோம். கரைவலை வாடிக்கு விடியற்புறம் போகட்டும், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலடிக்குப் போகட்டும், கோயில் திருவிழாவுக்கும் போகட்டும். வெருகலில் இருக்கிற கரையோர வேடர் குடும்பங்களையும் சிறுநீரக நோயால் வாடும் பதவிசிறிபுரச் சிங்களக் கிராமங்களையும் விட்டுவிடக் கூடாது. நம் ஆட்களுக்கு மட்டும் என்று தொடங்குகிற எதிலும் நான் சேரமாட்டேன். பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர் பணிமனையோடு எழுத்தில் உடன்படிக்கை வேண்டும். பார்க்கிற ஒவ்வொருவரின் விபரமும் சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்.) பதிவேட்டிலேயே ஏற வேண்டும். தனிக் கணக்கு, தனிப் பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம்.

காசைவிடப் பெரிய சொத்து உங்களிடம் இருக்கிறது. உவர்மலையில் ஓய்வுபெற்ற தாதிமார், மிட்வைஃப்மார், ஆசிரியர்கள் எத்தனை பேர்! தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் அரை மணித்தியாலம் இருந்தால், எந்தக் குளிசையை எப்போது போடுவது என்று நோயாளி தெளிவாகத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவார். 2021இல் கொவிட் தடுப்பூசி போடும்போது ஸ்காபரோவில் இதைக் கண்டேன். தமிழில் விளக்க ஆள் நின்ற இடத்தில் வயதானவர்கள் தயங்காமல் கையை நீட்டினார்கள்.

தைப்பொங்கலுக்கு முன் விவேகானந்தா கல்லூரியின் பழைய மாணவரும் கோயில் சபையும் சேர்ந்து ஒரு கூட்டம் வையுங்கள். உவர்மலைக்காரர் மட்டும் இருந்து பேசி முடிக்காதீர்கள். வெருகலிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பதவிசிறிபுரத்திலிருந்தும் மாதர் சங்கத்தாரை அழையுங்கள். முதலில் அவர்கள் பேசட்டும். அவர்கள் வந்துபோகிற பஸ் காசையும் அன்றைய கூலியையும் நாங்கள் இங்கிருந்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
உவர்மலை மகள்,
ஸ்காபரோ, கனடா